வெந்தயமும் எண்ணெயும்

கோவை நகரின் கிழக்கே, அவினாசிச் சாலையில் அமைந்துள்ளது பீளமேடு. பஞ்சாலைகளாலும், நீரேற்றும் பொறிகள் செய்யும் பட்டறைகளாலும், கல்விச் சாலைகளாலும் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலும் வெந்தயக் களி என்னும் உணவு உண்டு. அரிசியையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்துக் கிண்டி, உருட்டி, நடுவே குழி செய்து, அக்குழியில் நல்லெண்ணெய் வார்த்துக் கருப்பட்டி கூட்டி உண்பர். எண்ணெயும் வெந்தயமும் ஒரே கவளமாக வயிற்றினுள் செல்கின்றன. "வெந்தயம் இருக்க எண்ணெய் உடம்பில் ஒட்டாது" என்று கூறுவாரும் உளர். அக்கூற்று எவ்வளவு உண்மை? உள்ளே நிகழ்வதை ஆராய்ந்தால் விளங்கும்.

நார் என்றதும் கரும்புச் சக்கையே நம் நினைவிற்கு வரும். ஆனால் உணவிலுள்ள நார் இருவகைப்படும். மாணவர்களே, இரு குவளைகளில் நீர் எடுத்து, ஒன்றில் ஒரு கரண்டி கோதுமைத் தவிடும், மற்றொன்றில் ஒரு கரண்டி வெந்தயப் பொடியும் இட்டு ஓர் இரவு வைத்திருங்கள். தவிடு நீரை உறிஞ்சிப் பருத்துக் கிடக்குமேயன்றி நீரிற் கரையாது. வெந்தயமோ நீரையே வழுவழுப்பான கூழாக்கிவிடும். முன்னது கரையா நார். பின்னது கரையும் நார். கம்பு, சோளம் முதலிய தானியங்களின் நார் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. வெந்தயம், கொத்தவரை விதை, வெண்டை, கொய்யா, பருப்பு வகைகள் ஆகியவற்றில் இரண்டாம் வகையும் உண்டு. புளியங்கொட்டையிலும் அது மிகுதி. பாவு நூலுக்குக் கஞ்சியிடப் புளியங்கொட்டை மாவைப் பயன்படுத்தியதும் அப்பசைத் தன்மை கருதியே. நூலைப் பற்றும் பசை குடலில் என்ன செய்யும் என்பதே நம் வினா.

எண்ணெய் நீரோடு கலவாது. குடலின் உள்ளிடமோ நீர் மயமானது. ஆதலின் கல்லீரலிற் சுரக்கும் பித்தநீர் வந்து எண்ணெயை நுண்ணிய துளிகளாக உடைக்கிறது. அத்துளிகளைக் கணையநீரிலுள்ள நொதி சிதைக்கிறது. சிதைந்த கொழுப்பைப் பித்த உப்புகள் சூழ்ந்து, மிகச் சிறிய திவலைகளாக்கிக் குடற்சுவரருகே கொண்டு சேர்க்கின்றன. நாம் உண்ணும் கொழுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இவ்வாறு உடலிற் சேர்ந்துவிடுகிறது.

இவ்விடத்திற் கரையும் நாரின் கூழ் வந்து நிறைந்தால், எல்லாம் மெதுவாகின்றன. இரைப்பையிலிருந்து உணவு வெளியேறத் தாமதமாகிறது. நொதி எண்ணெய்த் துளியை அடைவதும், திவலைகள் குடற்சுவரை அடைவதும், சேற்றில் நடப்பவன் வேகம் குன்றுவது போலக் குன்றுகின்றன. ஆயினும், நடை தளர்ந்தாலும் பயணம் நிற்பதில்லை. சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுடையது. முற்பகுதியில் ஏறாத கொழுப்பு பின்னே ஏறிக்கொள்கிறது. இறுதியில் வீணாகிக் கழியும் கொழுப்பு சிறிதளவே. எனவே, வெந்தயம் உண்டோம் என்று எண்ணெயை அளவின்றி வார்த்துக்கொள்வது பேதைமை.

அங்ஙனமாயின் கரையும் நாரால் விளையும் நன்மை யாது? அது பித்தத்தின் வழியாக வருகிறது. பித்த உப்பு மிகச் சிக்கனமாகக் கையாளப்படும் பொருள். உடலில் உள்ளது சில கிராம் மட்டுமே. சிறுகுடலின் கடைப்பகுதி அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை மீட்டுக் கல்லீரலுக்கு அனுப்பிவிடுகிறது. ஒரே சரக்கு நாளொன்றுக்குப் பன்முறை சுற்றி வருகிறது. கரையும் நாரின் கூழ் அதில் ஒரு பகுதியைத் தன்னுட் சிறைப்படுத்திப் பெருங்குடலுக்கு இழுத்துச் செல்லும். குறைந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் புதிய பித்த உப்பு செய்தாக வேண்டும். அதற்குரிய மூலப்பொருள் கொலஸ்டிரால். அதனைக் கல்லீரல் குருதியிலிருந்து ஈர்த்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்களிற் படிந்து மாரடைப்பிற்கு வழிகோலும் பொருள் அதுவேயன்றோ?

பீளமேட்டிற்கு வடமேற்கே உயர்ந்து நிற்கும் நீலமலையின் குன்னூரில், 1918-ஆம் ஆண்டில் இராபர்ட் மக்கரிசன் என்பார் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வாராய்ச்சிக் கூடம் 1958-இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. அங்கு நீரிழிவு நோயாளர் சிலருக்கு, எண்ணெய் நீக்கிய வெந்தயப் பொடியை நாளொன்றுக்கு 100 கிராம் வீதம் உணவிற் சேர்த்தளித்து ஆராய்ந்தனர். குருதியிற் சர்க்கரையும் கொலஸ்டிராலும் குறைந்தன என்னும் முடிவு 1990-இல் வெளியாயிற்று. நூறு கிராம் என்பது களியுண்பார் எவரும் எட்டாத அளவு என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஓட்ஸ் தானியத்தின் கரையும் நார் நாளொன்றுக்கு மூன்று கிராம் சேர்ந்தாலே, தீங்கு செய்யும் கொலஸ்டிரால் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிற் குறைகிறது.

கரையும் நாரை மிகுதியாக உண்போர் நீரும் போதிய அளவு பருக வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டே வெந்தயத்தைப் பெருக்குதல் தக்கது. இரண்டும் கூடிச் சர்க்கரையை மிகத் தாழ்த்திவிடவும் கூடும்.

பெருங்குடலை அடைந்த பின்னும் நாரின் கதை முடிவதில்லை. அங்கு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அக்கூழைப் புளிக்கச் செய்து சிதைக்கின்றன. அப்போது பிறப்பன சிறுசங்கிலிக் கொழுப்பமிலங்கள். சிறுகுடலிற் கொழுப்பின் நடையைத் தளர்த்திய நார், இங்குத் தானே ஒருவகைக் கொழுப்பமிலமாகிப் பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகிறது.