கட்டளையும் காரணமும்

ஃபேர்லேண்ட்ஸில் இஸ்திரி வண்டி நடத்தும் என் தந்தையார், எந்தத் துணி எவ்வீட்டுக்குரியது என்று சிறு குறியிடுவார். அவர் காய்ச்சலில் படுத்த அன்று, அக்குறிகள் எனக்கு விளங்கவில்லை.

கணினியில் தேற்றங்களை நிறுவ உதவும் 'காக்' கருவியின் கட்டளைகளும் அத்தகையனவே. (2025 முதல் இதன் பெயர் 'ராக்'.) 1976-இல் ஆப்பெல், ஹாக்கென் இருவரும் நிறுவிய நான்கு வண்ணத் தேற்றத்தை இக்கருவியில் சரிபார்த்து, 2005-இல் அறிவித்தார் கோந்தியே.

'டாக்டிக்' என்னும் ஒவ்வொரு கட்டளையும், நிறுவ வேண்டியதை எளிதாக்கும் அல்லது பிரிக்கும். '0 + அ = அ' என்பது இதில் கூட்டலின் வரையறையிலிருந்தே கிடைத்துவிடும்; 'அ + 0 = அ' அவ்வாறு கிடைக்காது. முதல் எண்ணைக் கொண்டு கூட்டல் வரையறுக்கப்பட்டிருப்பதே காரணம். 'லீன்' கருவியிலோ நேர்மாறு! கட்டளையை மட்டும் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

'இண்டக்ஷன்' என்று கட்டளையிட்டால், நிறுவ வேண்டியது இரண்டாகப் பிரிந்து திரையில் நிற்கும்: பூச்சியத்துக்கு ஒன்று, அடுத்த எண்ணுக்கு ஒன்று. தேர்வில் கணிதத் தொகுத்தறிதலை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் பெற்ற நான், அதன் இரு படிகளை உண்மையில் கண்டது அன்றுதான்.

கட்டளையின் முன் 'ட்ரை' சேர்த்தால், அது தோற்றாலும் கருவி வாய் திறக்காது. ஆகவே, கட்டளைக்கு முன் எது மீதி, பின் எது மீதி, எப்போது தோற்கும் என்ற மூன்றையும் தமிழில் குறித்து வருகிறேன். இதுவரை 11 கட்டளைகள் முடிந்துள்ளன.