ரொட்டியைப் பின்தொடர்ந்து போ

அன்புள்ள மதுமிதா,

மேற்படிப்புக்கு பாரிஸில் இடம் கிடைத்துவிட்டது என்று உன் அப்பா சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் உன் பேச்சுதான். பார்க்க வேண்டிய இடங்களை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். ஈஃபிள் கோபுரத்தையும் லூவ்ர் அருங்காட்சியகத்தையும் நான் சொல்லாமலே பார்த்துவிடுவாய். அதனால் பட்டியலுக்குப் பதிலாக ஒரு வழி சொல்கிறேன். ஒரு நாட்டு மக்கள் தினமும் கையில் எடுக்கிற ஒரு பொருளைப் பிடித்துக்கொள். அது எங்கெல்லாம் கூட்டிப்போகிறதோ அங்கெல்லாம் போ. பிரான்ஸில் அந்தப் பொருள் ரொட்டி.

ஏன் ரொட்டி? அந்த நாட்டில் சாப்பாடு வீட்டுக் காரியம் மட்டும் அல்ல, ஊர்க் காரியம். சட்டம், புரட்சி, போர், உரிமை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பிரெஞ்சுக்காரர்களின் பாதி குணம் உனக்குப் புரிந்துவிடும்.

முதல் பாடம் நீ தங்கப்போகும் தெருமுனையிலேயே இருக்கும். 'பூலான்ஜெரி' என்று பலகை மாட்டிய ரொட்டிக் கடைக்குப் போ. நுழைந்ததும் 'போன்ழூர்' சொல். அங்கே கடைக்காரர் உனக்குச் சமமான மனிதர். வணக்கம் சொல்லாமல் நேரே சாமான் கேட்பது அவரை அவமதிப்பது. எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் இதை விட்டுவிடாதே. பிறகு நீளக் கோல் போன்ற ரொட்டியான பகெத்தில் சாதாரண வகை வேண்டாம், 'த்ரதிசியோன்' எனும் பாரம்பரிய வகை வேண்டும் என்று கேள். சில சென்ட் கூடுதலாக இருக்கும், பரவாயில்லை.

அதைக் கையில் வாங்கியதும் கொஞ்சம் உற்றுப் பார். இரண்டு முனையும் கூர்ந்திருக்கும். மேலே கத்தியால் சாய்வாகக் கீறிய இடங்களில் மேலோடு வெடித்து, விளிம்பு கருகாமல் சிவந்து நிற்கும். அழுத்தினால் மொறுமொறுவென்று சத்தம் வரும். பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளைவெளேர் என்று இருக்காது. வெண்ணெய் நிறத்தில், பெரிதும் சிறிதுமாகத் துளைகளோடு இருக்கும். மாவு அவசரப்படாமல் புளித்ததற்கு அதுதான் சாட்சி. முனையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நட. அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

இந்த ரொட்டியைக் காப்பாற்றச் சட்டமே இருக்கிறது. தொழிற்சாலை ரொட்டி பெருகி, கைத்தொழிலாகச் செய்பவர்கள் நலிந்துகொண்டிருந்த காலத்தில், 1993 செப்டம்பரில் அரசு ஓர் ஆணை போட்டது. பாரம்பரிய ரொட்டி என்று விற்க வேண்டுமானால் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவற்றைக் கொண்டே செய்ய வேண்டும்; ரசாயனச் சேர்மானங்கள் கூடாது; எந்தக் கட்டத்திலும் மாவை உறையவைக்கக் கூடாது. 1998-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாவு பிசைவது, உருட்டுவது, சுடுவது எல்லாம் அந்தக் கடைக்காரர் கையால் நடந்தால்தான் 'பூலான்ஜெரி' என்று பலகை மாட்டலாம். 2022-இல் யுனெஸ்கோ இந்தக் கைத்திறனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றரை யூரோவுக்கு முன்னே பின்னே விற்கிற ஒரு பொருளுக்கு இவ்வளவு காவல் எதற்கு என்று நீ கேட்க வேண்டும். கேட்டால் அடுத்த பயணம் தொடங்கிவிடும்.

அந்தப் பயணம் வெர்சாய்க்கு. பாரிஸிலிருந்து ஆர்.இ.ஆர். 'சி' ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எல்லோரும் கண்ணாடி மண்டபத்தைப் பார்க்க ஓடுவார்கள். நீ முதலில் பளிங்கு முற்றத்தில் நின்று மேலே உள்ள பால்கனியைப் பார். 1788 ஜூலையில் பெரும் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. தொடர்ந்து கடுங்குளிர் வந்தது. அடுத்த ஆண்டு ரொட்டி விலை ஏறி, கூலி வேலை செய்பவரின் அன்றாட வருமானத்தில் பாதிக்கும் மேல் ரொட்டிக்கே போனது. அந்தக் காலத்து ரொட்டி இன்றைய மெல்லிய நீளக் கோல் அல்ல. நான்கு பவுண்டு எடையுள்ள பெரிய ரொட்டி. அது ஒரு குடும்பத்தின் உயிர்.

1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் நகர மன்றத்துக்கு முன் கூடினார்கள். ஈட்டியும் கத்தியும் பீரங்கியுமாக, மழையில் சுமார் 20 கிலோமீட்டர் நடந்தே வெர்சாய்க்குப் போனார்கள். அவர்கள் கேட்டது ரொட்டி. ஆனால் அன்றிரவு நடந்தது அதைவிடப் பெரியது. ஆகஸ்டில் தேசிய சபை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த பதினாறாம் லூயி, அந்தப் பெண்கள் வாசலில் நின்ற இரவில்தான் சம்மதித்தார். மறுநாள் காலை அரசி அந்த பால்கனியில் கூட்டத்தின் முன் வந்து நிற்க வேண்டியிருந்தது. பிறகு அரச குடும்பத்தையே பாரிஸுக்கு அழைத்துப் போனார்கள். ரொட்டிக்காரரையும் அவர் மனைவியையும் பிள்ளையையும் கூட்டி வருகிறோம் என்று வழியெல்லாம் முழங்கினார்கள். வயிற்றுக்காக நடந்த நடை உரிமைக்கும் வழி திறந்தது. அரண்மனையின் தங்கப் பூச்சைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்.

ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று அந்த அரசி மேரி அன்டாய்னெட் சொன்னதாக நீயும் பள்ளியில் கேட்டிருப்பாய். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. யாரோ ஒரு பெரிய இளவரசி சொன்னதாக ரூசோ தன் வாழ்க்கை வரலாற்றில் அதை எழுதியபோது, மேரி அன்டாய்னெட் ஆஸ்திரியாவில் சிறுமி. யாராவது வழிகாட்டி அந்தக் கதையைச் சொன்னால் நம்பிவிடாதே. அதேபோல பாஸ்டீல் சதுக்கத்தில் நிற்கும் பெரிய தூணை 1789-இன் நினைவுச் சின்னம் என்று பலர் நினைக்கிறார்கள். அது 1830 ஜூலைப் புரட்சிக்கு எழுப்பியது. இடிக்கப்பட்ட பாஸ்டீல் கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் கார்னவாலே அருங்காட்சியகத்துக்குப் போ. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. அந்தக் கோட்டையை இடித்த கல்லிலேயே செதுக்கிய கோட்டையின் மாதிரி அங்கே இருக்கிறது.

புரட்சி அரசும் ரொட்டியை மறக்கவில்லை. பணக்காரருக்கு வெள்ளை ரொட்டி, ஏழைக்குத் தவிட்டு ரொட்டி என்ற பேதம் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே 'சமத்துவ ரொட்டி' என்று 1793-இல் ஆணையிட்டது. அதன்பிறகு எத்தனையோ ஆட்சிகள் மாறின. ஆனாலும் ரொட்டி விலையில் அரசின் கை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்தது. பாரிஸில் கோடை விடுமுறைக்கு எல்லா ரொட்டிக் கடைகளும் ஒரே நேரத்தில் மூடிவிடக் கூடாது என்ற கட்டுப்பாடு அண்மைக் காலம் வரை நீடித்தது. ரொட்டிக்கு இவ்வளவு காவல் எதற்கு என்ற கேள்விக்கு இந்த வரலாறுதான் பதில்.

அடுத்து பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போ. புகழ்பெற்ற எழுத்தாளர்களையும் பாடகர்களையும் தேடி ஆட்கள் அலைவார்கள். நீ அந்த்வான் பார்மான்தியேவின் கல்லறையைத் தேடு. மேலே உருளைக்கிழங்குகள் கிடக்கும். வருகிறவர்கள் நன்றிக்காக வைத்துவிட்டுப் போவது. ராணுவ மருந்தாளராக இருந்த அவர், ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டு, அங்கே கொடுத்த உருளைக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர். தொழுநோய் தரும் என்று பயந்து 1748-இல் பாரிஸ் நீதிமன்றம் அதைப் பயிரிடத் தடை போட்டிருந்தது. கோதுமை பொய்த்தால் மக்கள் சாகக் கூடாது என்று அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1772-இல் பாரிஸ் மருத்துவ அறிஞர்கள் அது உண்ணத் தக்கதே என்று ஒப்புக்கொண்டார்கள். அவர் ரொட்டியையும் விடவில்லை. ரொட்டி செய்யக் கற்றுத்தர 1780-இல் பாரிஸில் இலவசப் பள்ளி தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒரு விஞ்ஞானி மக்களின் சாப்பாட்டைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டதை அங்கே நின்று நினைத்துப் பார்.

விடுமுறை கிடைத்ததும் லியோனுக்குப் போய் வா. அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். க்ருவா-ரூஸ் மேட்டில் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த வீடுகளைக் கவனி. உயரமான ஜக்கார்டு தறி நிற்க வேண்டும் என்பதற்காகவே கூரையை ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரத்தில் கட்டியிருப்பார்கள். 1831-இலும் 1834-இலும் கூலிக்காக அவர்கள் கிளர்ந்தெழுந்த தெருக்கள் அவை. அந்த ஊரின் சமையலை வளர்த்ததில் 'லியோன் அம்மாக்கள்' என்று பெயர் பெற்ற பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களில் பண்ணை வீட்டில் ஏழையாக வளர்ந்த யூஜெனி பிராசியே, 1933-இல் தன் இரண்டு உணவகங்களுக்கும் மிஷலின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற போல் போக்கூஸ் அவரிடம் வேலை கற்றவர்.

லியோனில் 'பூஷோன்' என்னும் சிறு உணவகம் ஒன்றில் மதியம் உட்கார். பன்னிரண்டரைக்குப் போய்விடு, இரண்டு மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அன்றைய சாப்பாடு என்று கரும்பலகையில் எழுதியிருப்பதை வாங்கினால் செலவு குறையும். 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் காசில்லாமல் வரும். ரொட்டிக் கூடையும் கூடவே வரும். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பின் மேலேயே வைப்பார்கள். தலைகீழாக மட்டும் வைத்துவிடாதே. முன்பு மரண தண்டனை நிறைவேற்றுபவருக்கு ஒதுக்கிய ரொட்டியை அப்படிக் கவிழ்த்து வைப்பார்களாம். அதனால் இன்றும் பல வீடுகளில் அது அபசகுனம். அவசரப்படாமல் சாப்பிடு. முதல் வகை, முக்கிய உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு என்று வரிசையாக வரும் விருந்தையும் 2010-இல் யுனெஸ்கோ மரபாக ஏற்றது. சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவதும் அந்த மரபில் அடக்கம்.

பாரிஸில் நம் மொழி கேட்க ஆசை வந்தால் லா ஷப்பேல் பகுதிக்குப் போ. ஈழத்திலிருந்து போரால் வந்தவர்கள் அங்கே கடை கடையாகக் காலூன்றியிருக்கிறார்கள். கோடை முடியும் சமயத்தில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வீதிக்கு வரும். பாரிஸ் தெருவில் சிதறு தேங்காய் உடையும். அதோடு நின்றுவிடாதே. பாரிஸ் நகராட்சி ஆண்டுதோறும் நடத்தும் சிறந்த பகெத் போட்டியில் 2023-இல் முதல் பரிசு வாங்கியவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. அந்தப் பரிசோடு ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் பெருமையும் கிடைக்கும். 20-ஆம் வட்டாரத்தில் இருக்கிறது அவர் பேக்கரி. கோதுமை விளையாத மண்ணில் பிறந்தவர், அந்த நாட்டின் மிகப் பிரியமான கைத்தொழிலில் முதலாவதாக வந்தார். பண்பாடு பிறப்பால் வருவது என்று யாராவது சொன்னால் இதைச் சொல். உழைத்துக் கற்றுக்கொண்டவருக்கு அது சொந்தமாகும்.

நீயும் அப்படிக் கற்றுக்கொள். போகிற ஊரிலெல்லாம் ஒரே கடைக்கு மறுபடி மறுபடி போ. இரண்டாம் வாரம் உன் முகம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். மாவு எங்கிருந்து வருகிறது, எத்தனை மணி நேரம் புளிக்கவைக்கிறீர்கள் என்று தடுமாறும் பிரெஞ்சிலேயே கேள். தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் சந்தோஷமாகப் பேசாத ரொட்டிக்காரரைப் பார்ப்பது அரிது. இரவு அறைக்கு வந்ததும், கேட்டதை நோட்டில் எழுதி, பக்கத்தில் அதற்குரிய வருடத்தையும் இடத்தையும் குறித்துவை. படிப்பு முடியும்போது அந்த நோட்டில் பிரான்ஸின் வரலாறு உன் கையெழுத்தில் இருக்கும். கூச்சப்படாமல் கேள்; கேட்டதை எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் அத்தை