பழைய மசில் காருக்கு எந்த எஞ்சின்? முடிவெடுக்கும் முன் சில குறிப்புகள்

1964-ல் பாண்டியாக் ஜி.டி.ஓ. வந்தது முதல் 1970களின் தொடக்கம் வரை அமெரிக்கச் சாலைகளை ஆண்ட மசில் கார்களில் ஒன்றை வாங்கி, மறுபடி ஓடவைக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். அந்தக் காலத்து இரும்பு வி8-ஐயே பிரித்துச் சரிசெய்வதா, இல்லை கம்ப்யூட்டர் வைத்த புது எஞ்சினை இறக்குவதா? தவறாக முடிவெடுத்தால் திரும்பி வர நிறையச் செலவாகும். இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் 1967–69 செவர்லே கமாரோவை மனத்தில் வைத்து எழுதியவை. மஸ்டாங், டாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

1. எந்த முடிவுக்கும் முன்னால், இப்போது காரில் இருக்கும் எஞ்சின் அதனுடன் பிறந்ததுதானா என்று பாருங்கள். செவர்லே வி8-ல் பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சிறிய தட்டையான பகுதி ஒன்று இருக்கும். அழுக்கையும் பெயின்டையும் துணியால் மெதுவாகத் துடைத்தால் அங்கே குத்திய எழுத்துகளும் எண்களும் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. 1968, 69 கார்களில் காரின் அடையாள எண்ணின் கடைசிப் பகுதியும் பிளாக்கில் இருக்க வேண்டும். 69 கார்கள் சிலவற்றில் அது ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடத்தின் மேல் இருக்கும். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி வழியே டாஷ்போர்டில் தெரியும் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள்.

இந்த இடத்தை இழைத்துவிட்டுப் புது எண் குத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பொருந்தும் இடத்தருகே வார்ப்பிலேயே வந்திருக்கும் எண்ணையும் தேதிக் குறியையும் சேர்த்துப் பாருங்கள். கார் தயாரான தேதிக்குப் பிறகு வார்த்த பிளாக், அந்தக் காரின் எஞ்சினாக இருக்க முடியாது.

2. எண்கள் பொருந்தினால் அந்த எஞ்சினைக் காரிலேயே வைத்துச் சரிசெய்யுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் புதிய எல்.எஸ். வகை எஞ்சின் அடுத்த வருடமும் கிடைக்கும். 1969-ல் அந்தக் காருக்கென்று பொருத்திய பிளாக்கை எங்கே தேடினாலும் கிடைக்காது.

புது எஞ்சின்தான் வேண்டும் என்ற முடிவில் மாற்றமில்லை என்றால், பழையதை விற்றுவிடாதீர்கள். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், மேனிஃபோல்டு, பிராக்கெட், கப்பி என்று ஒன்று விடாமல் பெயர்ச்சீட்டு ஒட்டி வையுங்கள். சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, திறப்புகளை அடைத்து, தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். புதியதைப் பொருத்தும்போது முன்சுவர்த் தகட்டையோ அடிச்சட்டத்தையோ வெட்டவிடாதீர்கள். வெட்டாத காரில் என்றைக்கு வேண்டுமானாலும் பழைய எஞ்சின் திரும்ப ஏறும்.

3. எஞ்சின் எப்போதோ மாறிவிட்ட கார் என்றால், மனச்சுமையே வேண்டாம். ஐம்பது வருடங்களுக்கு மேல் ஓடிய கார்களில் இது சர்வ சாதாரணம். பாதுகாக்க வேண்டிய வரலாறு எஞ்சின் அறையில் இல்லாதபோது, உங்கள் தேவைதான் அளவுகோல்.

4. விளம்பரத்தில் வரும் குதிரைத்திறனை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். 1970 செவெல்லின் 454 கன அங்குல எல்.எஸ்.6 எஞ்சினுக்கு (பெயர் ஒத்தாலும் பின்னால் வந்த எல்.எஸ். குடும்பம் வேறு) 450 குதிரைத்திறன் என்று போட்டிருப்பார்கள். 2008 கார்வெட்டின் எல்.எஸ்.3-க்கு 430. பழையதுதான் பலசாலி என்று தோன்றும். ஆனால் 1971 வரை பெரும்பாலும் ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், முழு சைலன்சர் எதுவும் இல்லாமல் மேடையில் வைத்து அளந்த எண்ணைத்தான் அச்சிட்டார்கள். 1972 மாடலிலிருந்து எல்லாம் பொருத்திய நிலையில் அளக்கும் முறை வந்தது. இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை.

5. உங்களைத் தொந்தரவு செய்வது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தப் பட்டியலில் மிக முக்கியமான குறிப்பு இதுதான். புது எஞ்சின் வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது வேறு ஏதோ ஒன்று.

நெடுஞ்சாலையில் காது அடைக்கும் இரைச்சல் என்று எழுதினீர்களா? அது எஞ்சினின் வயதால் வருவதில்லை. அந்தக் காலத்து நாலு கியர் மன்சியிலும் டர்போ 400 ஆட்டோமேட்டிக்கிலும் கடைசி கியர் ஒன்றுக்கு ஒன்று. பின் அச்சில் 3.73 பல் விகிதமும், 26 அங்குல உயர டயரும் இருந்தால், மணிக்கு 65 மைலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,100 முறை சுற்றும். 0.70 ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸை மாட்டினால் அதே வேகத்தில் சுமார் 2,200. பழைய எஞ்சினே அடங்கிப் பேசும், பெட்ரோலும் மிச்சமாகும். டிரெமெக்கின் ஐந்து கியர் மேனுவல், ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் இரண்டும் இதற்கு நல்ல வழி. 700ஆர்4 போட்டால் கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிளைச் சரியாக அளந்து பொருத்துபவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள். அது தளர்ந்திருந்தால் கிளட்சுகள் சீக்கிரமே எரிந்துபோகும்.

சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்றால், பெரும்பாலும் சைலன்சர் குழாயை ஒட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் வெந்துபோவதுதான் காரணம். பல்லிணைப்பு வைத்த சிறிய ஸ்டார்ட்டரும் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் போதும். டிராஃபிக்கில் சூடாகிறது என்றால், முதலில் ஃபேனைச் சுற்றி உறை இருக்கிறதா என்று பாருங்கள். காரேஜ் முழுக்கப் பெட்ரோல் வாடை என்றால், டேங்கின் காற்றுக்குழாயும் பழைய ரப்பர் ஹோஸ்களும் மாற்றக் காத்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் பட்டியலில் ஏதாவது மிஞ்சினால், அப்போது எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.

6. இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும். அது பழைய ரப்பரை அரிக்கும். எஞ்சின் சூட்டில் கார்புரேட்டருக்குள்ளேயே சீக்கிரம் ஆவியாகவும் செய்யும். எத்தனால் தாங்கும் ஹோஸ்களும், கார்புரேட்டருக்கு அடியில் ஒரு வெப்பத் தடுப்புக் கட்டையும் கைச்செலவுக்குள் முடியும்.

7. பழைய எஞ்சினுக்கே நவீன உறுப்புகளைக் கொடுக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் ஹோலி ஸ்னைப்பர் போன்ற இன்ஜெக்‌ஷன் அமைப்பும் உண்டு. குளிர் காலைகளில் சோக் இழுத்துப் போராட வேண்டாம், மலைப்பாதையில் மூச்சுத் திணறாது. தினமும் ஓட்டாதவருக்கு இந்த நடுவழியே போதும் என்பது என் கருத்து.

8. பழையதைப் பிரித்துக் கட்டுவதானால் மூன்று விஷயங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வால்வு இருக்கைகளைக் கடினப்படுத்திய உலோகத்தில் போடச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வார்த்த ஹெட்கள் அவை. ஈயம் இல்லாத பெட்ரோலில் கனமாக ஓட்டினால் இருக்கை தேயும்.

கேம்ஷாஃப்ட் உருளை வகையாக இருக்கட்டும். பழைய தட்டையான டேப்பெட் வகைக்குத் துத்தநாகச் சேர்மம் நிறைந்த ஆயில் வேண்டும். இன்றைய கார் ஆயில்களில் அது குறைந்துவிட்டது. தட்டை வகையேதான் என்றால், முதல் ஸ்டார்ட்டிலேயே ஐட்லிங்கில் விடாமல் 2,000 முதல் 2,500 சுற்றில் இருபது நிமிடமாவது ஓடவிட்டுப் பழக்க வேண்டும். பழக்காத கேம்ஷாஃப்ட் அன்றைக்கே தேய்ந்துபோகலாம்.

மூன்றாவது, மெஷின் கடை. சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாக்கி, 3.75 அங்குல ஸ்ட்ரோக் உள்ள கிராங்க்கைப் போட்டால் 350 பிளாக் 383 ஆகிவிடும். தெருவில் ஓட்ட இதைவிட இனிமையான எஞ்சின் எனக்குத் தெரியாது. ஆனால் அளவெடுக்கும் கை நல்லதாக இருக்க வேண்டும்.

9. புதிய எஞ்சின் என்றால் கமாரோவுக்குப் பலரும் தேர்ந்தெடுப்பது எல்.எஸ். குடும்பம். 1997 கார்வெட்டில் அலுமினிய எல்.எஸ்.1 ஆக வந்தது. பின்னால் இரும்பு பிளாக்கோடு பிக்கப் டிரக்குகளிலும் இறங்கியது. டிரக்கின் 5.3 லிட்டர் பழைய சாமான் யார்டுகளில் மலிவாகக் கிடைக்கும். 2005-க்குப் பிந்தைய சிலவற்றில் பாதி சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. அந்த லிஃப்டர்கள் பழுதாவது சகஜம், எஞ்சின் வெளியே இருக்கும்போதே நீக்கிவிடுங்கள். 2014-ல் வந்த எல்.டி. குடும்பம் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் வகை. அதற்கு உயர் அழுத்த பம்ப்பும் அதற்கேற்ற வயரிங்கும் வேண்டும் என்பதால், முதல்முறை இறங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

10. எடையையும் கணக்கில் வையுங்கள். பழைய இரும்பு ஸ்மால் பிளாக் சுமார் 260 கிலோ, பிக் பிளாக் சுமார் 310. அலுமினிய எல்.எஸ். சுமார் 200-ஐ ஒட்டி வரும். முன் சக்கரத்திலிருந்து இவ்வளவு எடை இறங்கினால் வளைவில் கார் திரும்பும் விதமே மாறும். செவர்லேக்கு இது அப்போதே தெரியும். 1969-ல் முழு அலுமினிய 427 வைத்த இசட்.எல்.1 கமாரோக்களைச் செய்தார்கள். விலை ஏறிப்போனதால் மொத்தம் 69 கார்களோடு நின்றது.

11. எஞ்சின் விலையை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போடாதீர்கள். கார்புரேட்டருக்கு 6 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், எல்.எஸ்.ஸுக்கு 58 வேண்டும். ஆகவே டேங்க்குக்குள் பம்ப், தடுப்புத் தகடு வைத்த டேங்க், புதுக் குழாய்கள். மவுன்ட் தகடு, அடிச்சட்டத்தில் இடிக்காத ஆயில் பான், ஹெட்டர், ரேடியேட்டர், வயரிங் ஹார்னஸ், கம்ப்யூட்டர், அதை டியூன் செய்யும் கூலி. கேபிளில் ஓடும் பழைய ஸ்பீடோமீட்டருக்கும் வழி வேண்டும். இவை சேர்ந்து எஞ்சின் விலையைத் தொட்டுவிடுவதும் உண்டு. எஞ்சினுக்குப் பணம் கட்டுமுன் இந்தப் பட்டியல் முழுவதற்கும் விலை வாங்குங்கள்.

எல்.எஸ். ஹெட்களிலிருந்து ஆவி வெளியேற ஒரு சிறு குழாய் உண்டு. அதை ரேடியேட்டரின் மேற்பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அடைத்துவிட்டால் உள்ளே காற்று தங்கி ஹெட் சூடாகும்.

12. 1965–70 மஸ்டாங்காரர்கள் டேப் எடுத்து அகலத்தை அளக்கட்டும். 2011-ல் வந்த ஃபோர்டின் 5 லிட்டர் கொயோட்டே எஞ்சினில் நாலு கேம்ஷாஃப்ட் இருப்பதால் ஹெட்கள் அகலமானவை. முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் கோபுரங்கள் குறுக்கே நிற்கும். அவற்றை வெட்டி முன் சஸ்பென்ஷனையே மாற்றுவது வழக்கமாகிவிட்டது. பாஸ் 429-ஐ நுழைக்க 1969-ல் ஃபோர்டும் இந்தக் கோபுரங்களைத் திருத்தித்தான் செய்தது. வெட்ட மனமில்லாதவருக்குப் பழைய 302 அல்லது 351 வின்ட்சரே சரி.

13. டாட்ஜ் சார்ஜர் போன்றவற்றில் அகலம் பிரச்சினை இல்லை. 426 ஹெமியே உட்கார்ந்த அறை அது. 2003-க்குப் பிந்தைய புது ஹெமியை இறக்கினால் ஸ்டீயரிங் கம்பிகளுக்கு வழிவிடும் ஆயில் பான் வேண்டும்.

14. பிரேக்கை முதலில் மாற்றுங்கள். 1969-ல் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் சாதாரணம், முன் டிஸ்க் தனிக் காசு. கூடுதல் 100 குதிரைத்திறனைச் சேர்க்குமுன் கார் நிற்க வேண்டும். அதன்பின் பின் அச்சு. பத்து போல்ட் அச்சு கனமான எஞ்சின் விசையைத் தாங்காது.

15. புகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 1975 வரையான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 முதல் உண்டு, மாற்றும் எஞ்சின் காரின் வருடத்தையோ அதற்குப் பிந்தைய வருடத்தையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். உங்கள் மாநில விதியை எழுத்தில் பாருங்கள்.

16. வேலை முடிந்ததும் வயரிங் வரைபடத்தின் ஒரு பிரதியையும், கம்ப்யூட்டரின் டியூன் ஃபைலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருத்திக் கொடுத்த கடை நாளை இல்லாமல் போகலாம். பிறகு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எஞ்சின் மாற்றத்தைச் சொல்லி, காரின் மதிப்பை முன்பே பேசி எழுதிக்கொள்ளும் வகைப் பாலிசியாக மாற்றிக் கேளுங்கள். சாதாரணப் பாலிசி இந்தக் காரைத் தேய்மானம் போன பழைய வண்டியாகத்தான் கணக்கிடும். ரசீதுகளும் படங்களும் கையில் இருந்தால் அந்தப் பேச்சு சுலபமாக முடியும்.