அரியணை தேடிய மடல்கள்

நுழையும்முன்

போர்க்களத்தில் வாளேந்தியவர்களின் வரலாறு பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. மடல் எழுதியும் தூதனுப்பியும் பதவியைத் தேடியவர்களின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மைசூர் அரியணையை மீட்க ஓர் அரசியார் நடத்திய நெடிய முயற்சியும், அதில் கொங்குநாடு பெற்ற இடமும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

அரண்மனைக்குள் ஒரு சிறை

பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் உடையார்களின் ஆட்சி கொங்குநாட்டிலும் பரவியது. கோயம்புத்தூர், ஈரோடு, தாராபுரம், சத்தியமங்கலம் ஆகிய பகுதிகள் மைசூருக்கு வரி செலுத்தின. 1761ஆம் ஆண்டு படைத்தலைவர் ஹைதர் அலி ஆட்சியைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். உடையார்கள் பெயரளவில் மட்டுமே அரசர்களாக இருந்தனர். 1766இல் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் மறைந்தபின், அவருடைய மனைவி இலட்சுமி அம்மணி தம் குலத்தின் உரிமையை மீட்க உறுதி பூண்டார்.

அரசியாரிடம் படையில்லை, கருவூலமும் இல்லை. அரண்மனையைச் சுற்றிக் காவல் இருந்தது. எனவே, அவர் வெளியாரின் துணையை நாடினார். திருமலை ராவ், நாராயண ராவ் என்னும் உடன்பிறந்தார் இருவர் தூதுப்பணியை ஏற்றனர். முயற்சி வென்றால் வழிவழியாக அமைச்சுப் பதவியும், அரசின் வருவாயில் பத்தில் ஒரு பங்கும் அவர்களுக்கு உரியவை என அரசியார் வாக்களித்தார். இவ்வாறு அரியணையை ஒருவரும் அமைச்சுப் பதவியை மற்றவரும் தேடிய நெடும்பயணம் தொடங்கியது.

தள்ளாடிய கோட்டை

தூதர்கள் நம்பிச் சென்ற சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையோ நிலைகுலைந்திருந்தது. தஞ்சை அரசர் துளஜாவுக்கு நாட்டைத் திருப்பியளித்த ஆளுநர் பிகட், தம் ஆட்சிக்குழுவினராலேயே 1776 ஆகஸ்டு 24ஆம் நாள் சிறைப்பிடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே இறந்தார். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கும்பினி அலுவலர்களின் தன்னலமே இப்பூசலின் வேர். பின்வந்த ஆளுநர் ரம்போல்டு 1781இல் பதவிநீக்கம் செய்யப்பட்டார். அவருக்குப்பின் பொறுப்பேற்றிருந்த வொய்ட்ஹில், வங்காளத் தலைமையால் இடைநீக்கம் செய்யப்பட்டார். 1783இல் ஆளுநர் மெக்கார்ட்னி, படைத்தலைவர் ஸ்டூவர்ட்டையே கைது செய்து கப்பலேற்றினார்.

ஆளுநர் மாறும்போதெல்லாம் தூதர்கள் தம் வழக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒருவர் தந்த நம்பிக்கை அடுத்தவரைக் கட்டுப்படுத்தவில்லை. எனினும், ஹைதர் அலியுடன் போர் மூண்டபோது கும்பினிக்கும் அரசியாரின் பெயர் தேவைப்பட்டது.

கோயம்புத்தூரும் ஓர் உடன்படிக்கையும்

1782 அக்டோபரில் தஞ்சையில் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவனும் திருமலை ராவும் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஹைதரை வென்று உடையார் குலத்தை அரியணையேற்றுவது கும்பினியின் கடமை. அதற்காகப் பெருந்தொகை வழங்குவது அரசியாரின் கடமை. கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ வீழ அத்தொகை தவணையாகத் தரப்பட வேண்டும். கொங்குநாட்டுக் கோட்டைகள் மைசூருக்கான வாயில்களாக எண்ணப்பட்டன.

அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் மறைந்தார். 1783இல் கும்பினிப் படை கரூர், தாராபுரம், பாலக்காடு ஆகியவற்றைக் கைப்பற்றி, நவம்பரில் கோயம்புத்தூரையும் அடைந்தது. அரசியாரின் கனவு நனவாகும் வேளை அணுகியது போலத் தோன்றியது. ஆனால், 1784 மார்ச்சு 11ஆம் நாள் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கை, கைப்பற்றிய பகுதிகளைத் திப்பு சுல்தானிடமே ஒப்படைத்தது. அரசியாருக்கு அளித்த வாக்கு காற்றில் கலந்தது. 1783இல் சீரங்கப்பட்டணத்தில் உடையார் குலத்துக்காகத் திட்டமிட்டோர் முன்னரே கண்டறியப்பட்டுக் கடுமையாகத் தண்டிக்கப்பட்டிருந்தனர். மடல் எழுதியவர்களைவிட மடலை நம்பியவர்களே அதிக விலை கொடுத்தனர்.

தெரிந்து தெளிவோம்

தஞ்சையில் உடன்படிக்கை செய்த ஜான் சல்லிவனும், பின்னாளில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்து உதகமண்டலத்தை உருவாக்கிய ஜான் சல்லிவனும் வெவ்வேறு மனிதர்கள்.

யாருக்குக் கிட்டியது பதவி?

1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் போரில் வீரமரணம் எய்தினார். ஜூன் 30ஆம் நாள், ஐந்து வயதை எட்டாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் அரியணையேற்றப்பட்டார். முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த இலட்சுமி அம்மணி அக்காட்சியைக் கண்டார்.

அமைச்சுப் பதவியோ திருமலை ராவுக்குக் கிட்டவில்லை. கோயம்புத்தூர்ப் பகுதியில் பிறந்து, ஹைதரிடமும் திப்புவிடமும் கருவூலப் பணியாற்றிய பூர்ணையா திவானாக அமர்த்தப்பட்டார். திப்புவின் மகனையே அரசராக்கலாம் எனத் தொடக்கத்தில் கருத்துரைத்தவர் அவர். கும்பினி அக்கருத்தை ஏற்கவில்லை. ஆனால், அவருடைய வருவாய்த்துறை அறிவைக் கைவிடவும் இல்லை. நெடுநாள் உழைத்தவரின் நன்றிக்கடனைவிட, நாட்டின் கணக்கை அறிந்தவரின் பயன்பாடே அதற்குப் பெரிதாகப்பட்டது.

கிடைத்த அரியணையும் முழுமையானதன்று. மைசூர் ஆண்டுதோறும் ஏழு இலட்சம் வராகன் கும்பினிக்குச் செலுத்த வேண்டியதாயிற்று. கோயம்புத்தூர்ப் பகுதி மைசூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் சென்றது. கொங்கு மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அவர்களின் விடை வேறு வடிவில் வந்தது. 1800 ஜூன் 3ஆம் நாள் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கக் கிளர்ச்சியாளர்கள் முயன்றனர். தொடர்ந்து போராடிய தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். இன்று காந்திபுரத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள கோட்டைமேடு, மறைந்த அக்கோட்டையைத் தன் பெயரில் மட்டும் தாங்கி நிற்கிறது.

அருளால் வந்த ஆட்சி

1831இல் ஆட்சிச் சீர்கேட்டைக் காரணம் காட்டிக் கும்பினி மைசூர் நிருவாகத்தைத் தானே எடுத்துக்கொண்டது. ஐம்பதாண்டுகள் கழித்து, 1881இல்தான் அது உடையார்களிடம் திரும்பியது. பிறர் அருளால் பெற்ற பதவி, அவர் அருள் உள்ளவரையே நிலைக்கும். ஆயினும், படையும் பொருளும் இல்லாத நிலையில் தளராது போராடிய இலட்சுமி அம்மணியின் உறுதியை எளிதாக எண்ண இயலாது. அவர் முன் இருந்த வழிகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் விலையையும் செலுத்தினார்.

கற்பவை கற்றபின்

1. அரசியாரின் வழி, தீரன் சின்னமலையின் வழி ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. திருமலை ராவ் அரசியாருக்கு எழுதுவதுபோல் ஒரு மடல் வரைக.
3. உங்கள் ஊர்ப்பெயர்களில் கோட்டை, பாளையம் என முடிவனவற்றைத் தொகுத்து, அவற்றின் வரலாற்றைக் கேட்டறிந்து எழுதுக.