குச்சிக்கிழங்குத் தழை: தீவனமா, விஷமா?

ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். சேகோ ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியை மாடு ஆசையாய்த் தின்னும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதம் நூற்றுக்கு 3 பங்கு அளவுதான். திப்பியை மட்டும் போட்டுவிட்டுப் பால் கேட்டால் மாடு எங்கே போகும்?

புரதம் தழையில் இருக்கிறது. உலர்ந்த தழையில் நூற்றுக்கு 20 பங்கு வரை உண்டு. (நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கும் கணக்கு இது. 1883-இல் கெல்டால் சொன்ன முறை.)

"அப்ப தழையை வெட்டிப் போட்டுட வேண்டியதுதானே?" என்பீர்கள். அங்கேதான் ஆபத்து. தழையில் லினமரின் என்ற பொருள் உள்ளது. தழை கசங்கியதும் அதிலுள்ள என்சைம் லினமரினைச் சிதைக்க, ஹைட்ரோசயனிக் அமிலம் வெளிவரும். அசைபோடும் பிராணிகளின் வயிற்று நுண்ணுயிர்களும் இதையே செய்யும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. பசியோடு காட்டில் புகுந்த ஆடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடும். சோடியம் நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் ஊசியாக ஏற்றினால் பிழைக்கலாம். தயோசல்பேட் வேறொன்றுமில்லை, போட்டோ ஸ்டுடியோ 'ஹைப்போ'தான்! ஆனால் டாக்டர் வரும்வரை ஆடு தாங்க வேண்டுமே.

இந்த அமிலத்தின் கொதிநிலை 26 டிகிரிதான். நம்ம ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? கிழங்கு பிடுங்கும்போது வரப்பில் வீணாகும் தழையை நறுக்கி, மெல்லிசாய்ப் பரப்பி, நொறுங்கும்வரை காயவைத்தால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அப்போதும் முதலில் ஒரு பிடிதான். சோளத்தட்டோடும் திப்பியோடும் கலந்து, பிறகு மெல்லக் கூட்டலாம்.