உமிழ்நீரில் தெரியும் அழற்சி: புகையிலையும் மதுவும்

புகையிலையால் விளையும் நோய்களாலும் அகால மரணங்களாலும் 2017-18-ஆம் ஆண்டில் நாட்டிற்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு ரூ.1,77,341 கோடி என மதிப்பிடப்பட்டது. இது உள்நாட்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 விழுக்காடாகும். இம்மதிப்பீடு 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பற்றியது. கேடோ நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாயினுள் தொடங்கிவிடுகிறது. அந்த இடைக்காலத்தை உமிழ்நீரைக் கொண்டு அறிய இயலுமா என்பதே ஆராய்ச்சியாளர்கள் எழுப்பும் கேள்வி.

வாயில் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. ஈறுகளின் இடுக்கிலிருந்து கசியும் நீர்மமும் அதனுடன் கலக்கிறது. திசுக்கள் புண்படும்பொழுது உடலின் தற்காப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற புரதங்களை வெளியிடுகின்றன. இவையே அழற்சிக் குறியீடுகள் எனப்படுபவை. ஊசியின்றி, குறைந்த செலவில் இவற்றைச் சேகரிக்கலாம் என்பது பெரிய வசதியாகும்.

2016-17-ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பின்படி, 15 வதும் அதற்கு மேலும் உள்ளோரில் 28.6 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்தினர், 21.4 விழுக்காட்டினர் கைனி போன்ற புகையற்ற வகைகளைப் பயன்படுத்தினர். கன்னத்தில் நெடுநேரம் அடக்கி வைக்கப்படும் புகையிலை, பட்ட இடத்தை நாள்தோறும் உறுத்துகிறது. மதுவின் வழி வேறு. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் மதுவிலுள்ள எத்தனாலை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. மேலும், மது வாயின் உட்சவ்வைத் தளர்த்துவதால் புகையிலையின் நச்சுகள் எளிதில் ஊடுருவுகின்றன. இரு பழக்கங்களும் சேருமிடத்து வாய்ப் புற்றுநோய் அபாயம் இரண்டின் கூட்டுத்தொகையையும் விஞ்சுவது இதனால்தான்.

ஆயினும் உமிழ்நீர் அளவீட்டை அப்படியே ஏற்பதில் இடர்ப்பாடு உண்டு. ஈறுநோய் ஒன்றே இக்குறியீடுகளை உயர்த்திவிடும். நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், புகைப்பவரின் ஈறு நோயுற்றிருந்தும் இரத்தம் கசியாமல் நலமாகத் தோன்றும். சில ஆய்வுகளில் அவர்களது குறியீடுகள் கூடியும், வேறு சிலவற்றில் குறைந்தும் காணப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். புகைப்பதை விட்ட சில வாரங்களில் ஈறுகளில் இரத்தக் கசிவு மிகுவதைக் கண்டு, புகையிலைதான் பல்லைக் காத்தது என எண்ணுவோரும் உளர். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை கலப்பது 1992-இல் தடை செய்யப்பட்ட நாட்டில் இவ்வெண்ணத்தை அற்பமெனத் தள்ள இயலாது. எனவே, ஈறின் நிலை, பழக்கத்தின் கால அளவு, மாதிரி எடுத்த நேரம் ஆகியவற்றைக் குறிக்காத உமிழ்நீர் முடிவு நிர்வாகத்திற்கு அதிகம் பயன்படாது.

பரிசோதனைக் கருவி வரட்டும் எனக் காத்திருக்கலாமா? கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை தருகிறது. 13 ஊராட்சித் தொகுதிகளைச் சேர்ந்த சுமார் 1.9 லட்சம் மக்கள் இதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கண்ணால் பார்த்துச் சோதித்தனர், ஆய்வகம் தேவைப்படவில்லை. புகையிலை அல்லது மது பழக்கமுள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் மரண விகிதம் மற்றப் பிரிவைவிட 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் வெளியான முடிவுகள் காட்டின. பழக்கமற்றோரிடம் அத்தகைய பலன் தென்படவில்லை. யாரை முதலில் சோதிப்பது என்பதற்கு இதுவே வழிகாட்டி.

மைய அரசின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறைகள், 30 வயதைக் கடந்தோருக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனையை வகுத்தன. 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் எப்போதேனும் அப்பரிசோதனை செய்துகொண்டோர் 1.2 விழுக்காட்டினர், பெண்களில் 0.9 விழுக்காட்டினர். அதே ஆய்வில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 38 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துவோராக இருந்தனர்.