வானொலியும் அவையறிதலும்

பேச்சின் இயல்பை ஆராய்ந்த நம் முன்னோர், சொல்லுவானை மட்டும் கருதினாரல்லர்; கேட்போரையும் உடன் வைத்தே கருதினர். திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் அவையறிதலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தமை இதனைப் புலப்படுத்தும். அவர் கூறிய அவை கண்ணெதிரே இருப்பது, முகக்குறிப்பால் அறியப்படுவது. கண்ணுக்குப் புலனாகாத அவையை அறிந்து பேசுதல் யாங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண, பி. பி. சி. எனப்படும் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் நான்காம் வானொலி தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 1967 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் அப்பெயருடன் தொடங்கிய அந்நிலையம் பேச்சையே பெரும்பான்மையாகக் கொண்டது. அதன் வாரநாள் ஒன்றினை வைகறை முதல் நள்ளிரவு வரை நோக்குவாம்.

வைகறையில் முதற்கண் கேட்கப்படுவனவற்றுள் ஒன்று கடலோர்க்குரிய வானிலை அறிவிப்பு. 1859 இல் 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் வேல்ஸ் நாட்டுக் கரையருகே புயலில் உடைந்து, நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரின் பின், ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்பார் 1861 இல் தந்தி வாயிலாகப் புயலெச்சரிக்கை விடுக்கும் முறையைத் தொடங்கினார். அதன் வழிவந்ததே இவ்வறிவிப்பு. 31 கடற்பகுதிகளின் காற்றும் மழையும் பார்வைத் தெளிவும் ஏறத்தாழ 350 சொற்களுள் அடக்கப்படுகின்றன. பகுதிகளின் வரிசை மாறுவதில்லை. ஆதலின் மாலுமி தன் பகுதி எப்பொழுது வரும் என முன்னரே அறிவான். கடும்புயலெச்சரிக்கையில் வரும் காலச்சொற்கள் மூன்றற்கும் பொருள் வரையறை உண்டு. 'உடனே' எனும் பொருட்டாய சொல் ஆறு மணி நேரத்திற்குள் என்பதையும், 'விரைவில்' என்பது ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் என்பதையும், 'பின்னர்' என்பது பன்னிரண்டு மணிக்கு மேற்பட்டதையும் குறிக்கும். உயிர் சொல்லைப் பற்றி நிற்குமிடத்து ஒரு சொல் இரு பொருள் தருதல் கூடாதன்றோ!

அடுத்து உழவர்க்குரிய செய்திகள். அதன்பின் ஆறு மணிக்குத் தொடங்குவது, 1957 முதல் நடைபெறும் 'இன்று' என்னும் நிகழ்ச்சி. இங்கே பேச்சு வினாவும் விடையுமாக வடிவெடுக்கின்றது. அமைச்சரும் பிறரும் மேடை முழக்கத்தை விடுத்து, கேட்ட வினாவிற்கு விடையிறுத்தல் வேண்டும். நழுவுவாராயின், அந்நழுவலையும் நாடு கேட்கின்றது.

1998 இல் தொடங்கி வியாழன்தோறும் காலையில் ஒலித்துவந்த 'நம் காலத்தில்' என்னும் உரையாடலில், புலமையுடையார் பெரும்பாலும் மூவர் ஒரு பொருளை ஆய்வர். கற்றார் மொழி கல்லார் செவிக்கும் ஏற்ப எளிமையுறுதலை ஆண்டுக் காணலாம். 1946 இல் வேறோர் அலைவரிசையில் தோன்றி, 1973 இல் இந்நிலையத்திற்கு வந்த 'மகளிர் நேரம்', பலர் நாணி மறைத்த நோயையும் துயரையும் பற்றி இல்லத்திலிருந்தே கேட்டறிய வழிசெய்தது.

மாலை ஏழு மணிக்கு வருவது 'ஆர்ச்சர் குடும்பம்' என்னும் தொடர்நாடகம். 1951 சனவரி முதல் நாளிலிருந்து நாடு முழுதும் ஒலிபரப்பாகி வருவது. போருக்குப் பின் உணவுப் பங்கீடு நீங்காதிருந்த காலம் அது. விளைவைப் பெருக்கும் முறைகளை உழவர்க்குச் சொற்பொழிவாகக் கூறின் கேட்பார் சிலரே. ஆதலின் ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைச் சிற்றூரைப் படைத்து, அறிவுரையைக் கதையினுள் பொதிந்தனர். அறிவுறுத்தும் நோக்கம் 1972 இல் கைவிடப்பட்ட பின்னும் கதை நிலைபெற்றது. நள்ளிரவு கடந்தபின் மீண்டும் கடலோர்க்குரிய அறிவிப்பும், நாட்டுப்பண்ணும் ஒலிக்க, அந்நாள் முடிவுறும்.

இவற்றை ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை விளங்கும். எச்சரிக்கையின் நடையில் ஆராய்ச்சி பேசின் ஒன்றும் விளங்காது; ஆராய்ச்சியின் நடையில் எச்சரிக்கை விடுப்பின், பயனிலை வருமுன்னர்ப் படகு கவிழும். சிறந்த நடை என ஒன்று தனித்து இல்லை. கேட்போனது தேவையே நடையை வகுக்கின்றது. மற்றுமொன்று: நகரத்து மாந்தன் தனக்குரியதல்லாத மாலுமியின் புயலையும் உழவனின் கவலையையும் உடன் கேட்கின்றான். பிறர்க்கென மொழிந்ததைத் தானும் கேட்டல், அப்பிறரை அறிதற்கு வாயிலாகின்றது.

நம் மொழிக்கும் இதன்கண் பாடம் உண்டு. 1941 இல் இலண்டனிலிருந்து தொடங்கிய பி. பி. சி. தமிழ் ஒலிபரப்பு, பின்னர்த் 'தமிழோசை' எனப் பெயர்பெற்று, 2017 வரை வானொலியில் ஒலித்தது. கடல் கடந்து அதனைக் கேட்டவர் பெருங்கூட்டமாய்த் திரண்டு கேட்டாரல்லர். வீடுதோறும் ஓரிருவராய் அமர்ந்து கேட்டனர். நம் மன்றங்களிலோ அடுக்குமொழியும் கைதட்டலும் பேச்சின் அளவுகோலாகிவிட்டன. கைதட்டுதற்கு எவருமில்லாத அறையில், முகமறியாத ஒருவனுக்கு, அவன் வேண்டும் செய்தியை வேண்டும் அளவில் விளங்கச் சொல்லுதலே அரிய சொல்வன்மை. தமிழ் பயிலும் நாம் அவ்வன்மையைப் பெறுதற்கு முயல்வோமாக. புயல் நாளில் நம் கரையோரத்து மீனவனும் தெளிந்த தமிழையே எதிர்நோக்கி நிற்கின்றான்.